விழவில்லை, இறங்கினோம்: மடுல்சீமைக்கு மேலே எஞ்சின் நின்ற காலை

கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் நிறைகிறதே, என்ன வேண்டும் என்று செல்வராணியிடம் கேட்டேன். நான் மனதில் வைத்திருந்தது வளையல். அவள் கேட்டது விமானம். "நான் கொழுந்து பறிச்ச மலைய மேலருந்து ஒருக்காப் பாக்கணுங்க. பதினோரு வருஷம் குனிஞ்சே பாத்தது," என்றாள். இந்த வருடம் மாசிக் கடைசியில் போனோம். அடுத்த நாள் பேப்பரில் வந்தது இது: தேயிலைத் தோட்டத்தில் சிறு விமானம் விழுந்தது, அதிர்ஷ்டவசமாக மூவர் உயிர் தப்பினர். இரண்டு வரியில் இரண்டு பொய். விமானத்தை இறக்கினார்கள், அது விழவில்லை. அதில் அதிர்ஷ்டம் செய்த வேலையைவிட இரண்டு மனிதர்கள் செய்த வேலை அதிகம். அந்த இருவரில் ஒருவருடைய பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சின்ன விமானத்தில் மலைநாட்டைச் சுற்றிப் பார்க்கும் எண்ணம் உள்ளவர்களுக்கு வேண்டிய விபரங்களும் இதில் இருக்கின்றன.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயமொன்றில் பிறந்தவன். பதினான்கு வயதில் பண்டாரவளைக்கு மரக்கறி மூட்டை தூக்க வந்தேன். இன்றைக்கு மொத்த வியாபாரம், மூன்று லொறி. செல்வராணி மடுல்சீமைத் தோட்டத்துப் பெண். என்னைக் கட்டிக்கொண்டு வரும் வரைக்கும் கூடை தூக்கியவள். விமானத்தில் போகப் போகிறோம் என்றதும் சந்தையில் ஒரு பழைய கூட்டாளி, "லொறியோட நிறுத்தியிருக்கலாமே முதலாளி, லயத்துலருந்து நேரா ஆகாயத்துக்கா?" என்று கேட்டார். "நடுவுல தங்க எடம் தரலியே, அதான்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மலைநாட்டில் சின்ன விமானம் ஏறுவதற்கு வசதியான இடம் இல்லை. நாங்கள் தெற்கே வீரவில ஓடுதளத்துக்குப் போனோம். பண்டாரவளையில் பகல் ஒன்றரைக்குப் புறப்பட்டு, எல்ல, வெல்லவாய, தனமல்வில வழியாக என் வண்டியின் மீட்டரில் 97 கிலோமீற்றர், இரண்டு மணி ஐம்பது நிமிடம். எல்லவிலிருந்து வெல்லவாய வரைக்கும் இறக்கம், வளைவு. வயிறு பிரட்டுகிறவர்கள் பகல் சாப்பாட்டைத் தள்ளிப் போடுங்கள். இரவு தங்க அறை 8,500 ரூபா, காலைத் தேநீர் சேர்த்து. விமானம் ஒரு மணித்தியாலத்துக்கு 1,40,000 ரூபா, விமானியும் எரிபொருளும் அதற்குள் அடக்கம். இரண்டு பேர் போனாலும் மூன்று பேர் போனாலும் அதே காசுதான். எங்களுக்கு மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. கேட்டவர்கள் எல்லாருக்கும் அன்றைக்கென்று ஒரு வேலை வந்துவிட்டது.

காலை ஆறரைக்கு வரச் சொன்னார்கள். முதல் வேலையாக எங்களைத் தராசில் நிறுத்தார்கள். நான் 84 கிலோ, செல்வராணி 58. மூட்டை நிறுத்துப் பழகிய எனக்கு அந்த இடம் உடனே பிடித்துப் போயிற்று. நிறுக்காமல் ஏற்றுகிறவனை நம்பாதீர்கள், அது லொறியானாலும் விமானமானாலும்.

விமானி டெரன்ஸ், கொழும்புத் தமிழர், முப்பத்தெட்டு வயது. நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம். கார் மாதிரிதான், அதைவிடக் கொஞ்சம் நெருக்கம். அவர் சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, எரிபொருளைச் சின்னக் குவளையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்தார். நான் புது லொறி டிரைவரிடம் பிரேக்கைப் பற்றிக் கேட்பது மாதிரியே கேட்டேன்.

"தம்பி, மேல போனப்புறம் எஞ்சின் நின்னா என்ன செய்வீங்க?"

சில பேர் இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்புவார்கள். இவர் குவளையைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார். "கல்லு மாதிரி விழாது அண்ணன். மூக்கைக் கொஞ்சம் இறக்கி வேகத்தைக் காப்பாத்தினா மிதந்துகிட்டே வரும். ஆயிரம் அடி உயரம் இருந்தா ரெண்டு, ரெண்டரை கிலோமீற்றர் போகலாம். அதுக்குள்ள ஒரு நிலம் பார்க்கணும். வேகத்தை விட்டுட்டா மட்டும்தான் விழும்."

எனக்கு அது விளங்கியது. டீசலை மிச்சம் பிடிக்க பெரகல இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிற டிரைவர்மாரை நான் வேலையை விட்டே நிறுத்தியிருக்கிறேன். ஆனால் இறக்கம் வண்டியை ஓட்டும் என்பது தெரியும். இங்கே விமானமே இறக்கத்தை உண்டாக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

"மலையில நிலத்துக்கு எங்க போவீங்க?" என்று பின்னாலிருந்து செல்வராணி கேட்டாள்.

"அதுதான் அக்கா கஷ்டம்," என்றார் டெரன்ஸ். ஒளிக்கவில்லை.

7.15க்கு ஏறினோம். நான் முன்னால் டெரன்ஸுக்குப் பக்கத்தில், செல்வராணி பின்னால். வெல்லவாயவைத் தாண்டியதும் மலை சுவர் மாதிரி எழும்பியது. இடப்பக்கம் நமுணுகுலை உச்சி, எங்கள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே. அதன் ஓரமாகத் தேயிலை, சீவி விட்ட தலைமுடி மாதிரி வரிசை வரிசையாக. செல்வராணி என்ன செய்கிறாள் என்று திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். ஜெபமாலையோ என்று நினைத்தேன். மலையின் நம்பர்களை எண்ணியிருக்கிறாள். தோட்டத்தில் தேயிலைக் காணிகளுக்குப் பெயர் கிடையாது, ஒண்ணாம் நம்பர் மலை, ரெண்டாம் நம்பர் மலை என்றுதான். பறித்தவர்களுக்கு அது மனப்பாடம்.

7.46க்கு மடுல்சீமைக்கு மேலே வந்தோம். கடல் மட்டத்திலிருந்து 6,500 அடி என்று டெரன்ஸ் காட்டினார். மலையே நாலாயிரம் அடி, ஆக எங்களுக்குக் கீழே இருந்தது வெறும் 2,500. நான் படம் எடுக்க போனைத் தூக்கினேன். தோள் வார் இடைஞ்சலாக இருந்தது, கழற்றினேன். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் இரண்டு தடவை இருமியது. மூன்றாவது இருமல் வரவில்லை. முன்னாலிருந்த காற்றாடி சுற்றிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் அது சும்மா காற்றில் சுற்றுகிறது என்பதைக் காது சொல்லிவிட்டது. ஏன் நின்றது என்பதை நான் எழுத மாட்டேன். பார்க்க வேண்டியவர்கள் பார்க்கிறார்கள், எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதும் பழக்கமும் எனக்கு இல்லை.

டெரன்ஸ் முதலில் செய்தது மூக்கை இறக்கியது. எனக்கு அது தற்கொலை மாதிரி இருந்தது. "வேகம், வேகம்," என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். வேகமானியின் முள் ஒரு இடத்துக்கு வந்ததும் அதை அப்படியே பிடித்தார். பிறகு கை ஒவ்வொரு இடமாகப் போனது, வாய் கூடவே சொல்லியது: எரிபொருள் மாற்று, பம்ப், சூட்டுக் காற்று, சாவி. எதற்கும் எஞ்சின் திரும்பவில்லை. ரேடியோவில் மூன்று தரம் ஆபத்து அழைப்பைச் சொன்னார், இடத்தைச் சொன்னார். இதற்கெல்லாம் அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. "மூணு நிமிஷம் இருக்கு அண்ணன். எதையும் தொடாதீங்க," என்றார்.

கிழக்கே மலையின் விளிம்பைத் தாண்டிவிட்டால் சமவெளி, வயல். ஆனால் அந்தப் பக்கம் பூராவும் முகில் பால் மாதிரி நிரம்பி நின்றது. அதற்குள் எஞ்சின் இல்லாமல் போனால் பாறை எங்கே என்று தெரியாது. தோட்டத்துப் பாடசாலை மைதானம் ஒன்று தெரிந்தது, தட்டையாக, நீளமாக. டெரன்ஸ் அதற்குத் திருப்பினார். வெள்ளைச் சட்டைகள் வரிசையாக நின்றன, காலைக் கூட்டம். உடனே விமானத்தை அங்கிருந்து விலக்கிவிட்டார். அந்த மனிதரின் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

அப்போது நான் பார்த்தேன். எங்களுக்கு நேர் கீழே மண்ணிறத்தில் ஒரு பெரிய பட்டி. வெலிமடைப் பக்கம் கிழங்கு நடக் கொத்திப் போட்ட நிலம் எனக்கு அத்துப்படி. எத்தனை வருடம் அந்த மண்ணை மிதித்துக் கிழங்கு வாங்கியிருக்கிறேன். "தம்பி, அந்தா! கொத்திப் போட்ட நெலம், மெத்த மாதிரி இருக்கும், அதுல விடுங்க!" என்று கத்தினேன்.

டெரன்ஸும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கையைச் சாய்த்தார்.

"ஐயோ, வேணாங்க! அது கவ்வாத்து மலை!" செல்வராணி டெரன்ஸின் தோளைத் தட்டினாள். "கட்டையெல்லாம் சீவி வச்சிருக்கும் தம்பி. குத்திக் கிழிச்சிடும்!"

கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டி விடுவது. இலை ஒன்றும் மிஞ்சாது. மேலே இருந்து பார்த்தால் வெறும் மண். கிட்டப் போனால் கத்தியால் சரிவாகச் சீவிய கட்டைகள், ஆயிரக்கணக்கில், நுனியை மேலே காட்டிக்கொண்டு. லயத்தில் பிறந்த எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். முப்பத்தைந்து வருட மரக்கறி கண்ணை மறைத்துவிட்டது. கிழங்கு வியாபாரிக்கு மண்ணிறமெல்லாம் கிழங்குத் தோட்டம்.

"அப்ப எங்க?" என்றார் டெரன்ஸ், திரும்பிப் பார்க்காமல்.

"கோயிலுக்கு மேல பாருங்க, வெளிர் பச்சை. ஆறாம் நம்பர். பழைய தேயிலைய வேரோட புடுங்கிட்டுப் புல்லு போட்டிருக்காங்க. ஆள் உசரம் நிக்கும்."

"கல்லு? கட்டை?"

"ஒண்ணும் கெடையாது. எங்க அக்காதான் அங்க கட்டை பொறுக்கினா."

"கரண்ட் கம்பி?"

"அது ரோட்டோரம், கோயிலுக்குக் கீழ. புல்லு மலையில கெடையாது. கீழ் மூலையில ஒரு கான் இருக்கு, பெருசு. அதத் தாண்டிப் போடுங்க."

தோட்டம் தெரியாதவர்களுக்கு: கான் என்றால் மழைத்தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். கிழடு தட்டிய தேயிலையைப் பிடுங்கியபின் மண் தேறுவதற்காக ஒன்றரை, இரண்டு வருடம் குவாட்டமாலாப் புல் வளர்ப்பார்கள். கரும்பு மாதிரி அடர்த்தியாக வரும். மேலே இருந்து பார்த்தால் அதுவும் தேயிலை மாதிரிப் பச்சைதான். தேயிலைக்குள் நடுகிற நிழல் மரம் அங்கே இல்லை என்பதை, கொழுந்து பறித்தவள் கண்தான் கவனிக்கும்.

டெரன்ஸ் நம்பினார். அந்த ஒரு விநாடியைப் பற்றி நான் நிறைய யோசித்திருக்கிறேன். படித்த ஆள், கையில் மூன்று உயிர், ஒரு பக்கம் கோட்டுப் போட்ட முதலாளி ஒன்று சொல்கிறான், பின்னால் சேலை கட்டிய அம்மா வேறொன்று சொல்கிறாள். அவர் யார் சத்தமாகச் சொன்னது என்று பார்க்கவில்லை, யாருக்குத் தெரிந்திருக்கிறது என்று பார்த்தார்.

லயத்து அடுப்புப் புகையைப் பார்த்துக் காற்றைக் கணித்தார். மேட்டைப் பார்த்து இறக்கினால் ஓட்டம் குறையும் என்று சொல்லிக்கொண்டே கீழிருந்து மேல் நோக்கித் திருப்பினார். "கதவைக் கொஞ்சம் திறந்து விடுங்க அண்ணன், இறுகிக்கக் கூடாது. அக்கா, தலையைக் குனிஞ்சு கையால மூடுங்க. வார் எல்லாம் இறுக்கம்தானே?" நான் இறுக்கம் என்றேன். இடுப்பு வார் இறுக்கம்தான்.

எரிபொருளையும் மின்சாரத்தையும் அடைத்தார். கோயில் கோபுரம் வலப்பக்கம் கடந்தது. கான் கடந்தது. மலை எங்களை நோக்கி எழும்பி வந்தது, அவர் விமானத்தின் மூக்கை நன்றாகத் தூக்கினார். பிறகு சாக்குத் துணியைக் கிழிக்கிற சத்தம், நீளமாக. புல் கண்ணாடி முழுவதையும் மூடியது. ஒரு இடி, இன்னொரு இடி, முன்சக்கரம் எங்கேயோ போனது, என் மூக்கு முன்பலகையில் மோதியது. நின்றோம்.

பிற்பாடு அளந்து பார்த்தவர்கள் சொன்னது: தொட்ட இடத்திலிருந்து நின்ற இடம் வரை 62 மீற்றர். டெரன்ஸுக்கு நெற்றியில் ஐந்து தையல். எனக்கு மூக்கெலும்பு உடைவு, தோள் வாரைக் கழற்றிய கூலி. செல்வராணிக்கு ஒரு கீறல் இல்லை.

இறங்கிப் புல்லுக்குள் நடந்து மேலே ஐம்பது அடி போய் நின்றோம். முதலில் ஓடி வந்தவர்கள் பக்கத்து மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள், முதுகில் கூடையோடு. அவர்களுக்கு முன்னால் செல்வராணியின் அக்கா பாக்கியம். தங்கையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"அடியேய்! வருஷத்துக்கு ஒருக்கா வர்றவ, இப்படியாடி வந்து குதிப்ப? ஒனக்கு பஸ்ஸு இல்லியா?"

"பஸ்ஸு எங்கக்கா நேரத்துக்கு வருது?" என்றாள் செல்வராணி. இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். அந்தப் புல் மலைக்குப் பொறுப்பான கங்காணி வந்து நசுங்கிய புல்லைப் பார்த்தார், விமானத்தைப் பார்த்தார். "எப்படியும் அடுத்த வாரம் வெட்டத்தான் இருந்தோம். பாதி வேல முடிஞ்சிச்சு," என்றார்.

இனி வருவது பயணத்தின் மோசமான பகுதி. தோட்டத்து லொறியில் பசறை வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி பத்து நிமிடம். குழிக்குக் குழி என் மூக்கு துடித்தது. வீரவிலயிலிருந்து மலைக்கு வர ஆனது முப்பத்தொரு நிமிடம். எஞ்சின் இல்லாமல் இறங்க மூன்று நிமிடம். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும், "ஏன் இந்த வயசுல இப்படி ஆபத்தான வேல?" என்று கேட்டார்கள். பிரசவ வலியோடு இதே பாதையில் இதே லொறியில் வருகிற பெண்ணிடம் யாராவது அப்படிக் கேட்டிருக்கிறார்களா? அவளுக்கு ஆபத்து வழக்கமாகிவிட்டது, எனக்கு மட்டும் திமிர். அப்படியென்றால் திமிராகவே இருக்கட்டும்.

நாலு நாள் கழித்துப் பதுளையில் வாக்குமூலம் எடுத்தார்கள். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம், அதிகாரியும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். டெரன்ஸையும் என்னையும் உட்கார வைத்துக் கேட்டார். செல்வராணிக்கு வெளியே கிடந்த மர வாங்குதான் இருக்கை. கடைசியில் எழுதியதை வாசித்துக் காட்டினார். விமானி தகுந்த நிலத்தைத் தெரிவு செய்தார். பின் இருக்கையில் இருந்த பெண் பயணி பதற்றத்தில் கூச்சலிட்டார்.

"இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றேன்.

"என்ன பிழை?"

"கூச்சல் போட்டது நான். பிழையான எடத்தக் காட்டினதும் நான். அதை எழுதுங்க. சரியான எடத்தச் சொன்ன ஆள் வெளிய வாங்குல இருக்கு."

அதிகாரி டெரன்ஸைப் பார்த்தார். டெரன்ஸ் கட்டுப் போட்ட தலையை ஆட்டினார். "நானும் போட மாட்டேன் சேர். நான் தெரிவு செய்தது மண்ணிற நிலம். அதுல இறக்கியிருந்தா இன்னைக்கு வாக்குமூலம் கொடுக்க ஆள் இல்லை. அவங்க பதறல்ல. நான் மூணு கேள்வி கேட்டேன், மூணுக்கும் பதில் சொன்னாங்க."

செல்வராணியை உள்ளே கூப்பிட்டார்கள். பெயர், வயது, முகவரி. தொழில் என்ற இடத்தில் அதிகாரி கேட்காமலே 'இல்லத்தரசி' என்று எழுதப் போனார்.

"கொழுந்து பறிச்சவள்னு போடுங்க சேர்," என்றாள் அவள். "பதினோரு வருஷம். இல்லன்னா எனக்கு எப்படித் தெரிஞ்சிச்சுன்னு வாசிக்கிறவங்க கேப்பாங்கல்ல?"

அப்படியே எழுதினார். மூன்று பேரும் கையெழுத்துப் போட்டோம்.

இப்போது போக நினைப்பவர்களுக்கு. மாசி, பங்குனியில் காலை ஒன்பதுக்கு முன்னால் போங்கள். அதற்குப் பிறகு முகில் ஏறும். விமானியிடம் நான் கேட்ட கேள்வியைக் கேளுங்கள். சிரித்தால் வேறு ஆளைப் பாருங்கள், காசைத் திருப்பித் தராவிட்டாலும் பரவாயில்லை. செருப்பு வேண்டாம், சப்பாத்து போடுங்கள். தோள் வாரை எந்தப் படத்துக்காகவும் கழற்றாதீர்கள், என் மூக்கு இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்தான் பார்க்கிறது. எஞ்சின் நின்றால் எதையும் தொடாதீர்கள், விமானியின் கைக்கு வழி விடுங்கள். கண்ணாடி, பேனை எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். நின்றதும் பையைத் தேடாமல் இறங்கித் தூரப் போங்கள். கீழே இருக்கிற நிலம் உங்களுக்கு உண்மையாகவே தெரியுமென்றால் சொல்லுங்கள், சுருக்கமாக, விமானி கேட்டதற்கு நேர் பதிலாக. தெரிந்த மாதிரி இருக்கிறது என்றால் என்னைப் போல் கத்தாமல் வாயை மூடிக்கொண்டிருங்கள். எந்த மலைக்கு மேலே போகிறீர்களோ, அங்கே வேலை செய்த ஒருவரைக் கூட்டிப் போக முடிந்தால் அந்த மூன்றாவது இருக்கை வீணாகாது.

மூக்கு ஆறியதும் மறுபடி போனோம். வேண்டாம் என்று சொல்லாத ஆள் பண்டாரவளையில் இல்லை. அதே வீரவில, வேறு விமானம், அதே டெரன்ஸ். நான் வழக்கம்போல் முன் கதவுக்குப் போனேன்.

"அண்ணன், நீங்க பின்னால," என்றார்.

செல்வராணி முன்னால் ஏறி வாரைப் பூட்டி, இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள். டெரன்ஸ் குவளையை வெளிச்சத்தில் பிடித்து முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, எஞ்சின் நின்னா என்ன செய்வீங்க?" என்று இந்த முறை கேட்டது அவள்.

"முதல்ல வேகம். ரெண்டாவது, அக்காகிட்ட கேப்பேன்."

"அப்ப சரி. எடுங்க."

ஆறாம் நம்பர் மலையில் புல்லை வெட்டி மண்ணில் பரப்பியிருந்தார்கள். எங்கள் தடம் எங்கே என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது, விரலால் காட்டினாள். பக்கத்து மலையில் பெண்கள் நிமிர்ந்து நின்றார்கள். அதில் ஒருத்தி கூடையைக் கழற்றி இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

"பஸ்ஸு இல்லியான்னு கத்துறா," என்றாள் செல்வராணி. எஞ்சின் சத்தத்தில் அவளுக்கு எப்படிக் கேட்டது என்று நான் கேட்கவில்லை.